ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேசுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று இந்த ராமநாதபுரம் கரை நெடுக இப்போது ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவாவது இருக்கிறது. படகுக்காரர் குழு, ஜமாஅத் குழு, தேவாலயப் பங்கு மக்கள் குழு, மகளிர் குழு, பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள் குழு. மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குழுவை ஏழு வருடமாக அட்மினாக இருந்து பார்த்து வருகிறேன். படகுக்காரர்கள், ஐஸ் கம்பெனியில் வேலை செய்பவர்கள், கடல்பாசி எடுக்கும் பெண்கள், வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முகம் தெரியாதவர்கள் பேசிக்கொள்ளும் குழுவில் சண்டை வந்தால் விலகிப் போய்விடலாம். ஊர்க் குழுவில் அது நடக்காது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்ட இரண்டு பேர், விடியற்காலையில் அதே கரையில் ஒரே படகைத் தள்ள வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை மனதில் வைத்துச் சொன்னவை.

குழுவில் ஒரு தகவல் போடும்போது எதைக் கட்டாயம் எழுத வேண்டும்?

எந்த நாள், எந்தக் கடல், எந்தப் படகு, யார் சொன்னது. இந்த நான்கும் இல்லாத தகவலைப் போடாமல் இருப்பதே நல்லது.

"கடல் சரியில்லை, யாரும் போகாதீங்க" என்று ஒருவர் எழுதுகிறார். பாம்பனில் நிற்கிறவருக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது தென்கடல் அமைதியாகக் கிடக்கும். தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் அப்படியே தலைகீழாகும். எந்தக் கடல் என்று எழுதாவிட்டால் ஒருவர் வீணாக ஒரு நாள் பாட்டை, அதாவது மீன்பாட்டை, இழப்பார், இன்னொருவர் போகக் கூடாத கடலுக்குப் போவார்.

"நாளைக்கு" என்ற சொல்லும் அப்படித்தான். நள்ளிரவு 12 மணி 10 நிமிடத்துக்கு "நாளைக்கு டோக்கன் இல்லை" என்று போட்டால் (கடலுக்குப் போக மீன்துறை கொடுக்கும் அனுமதிச் சீட்டுதான் டோக்கன்) அது எந்த நாளைக்கு? போட்டவருக்கு இன்னும் விடியவில்லை, அவர் கணக்கில் நாளை என்பது சில மணி நேரத்தில் வரப்போகும் காலை. காலையில் எழுந்து படிக்கிறவருக்கோ அது அடுத்த நாள். கிழமையும் தேதியும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

"தடை" என்று மட்டும் எழுதுவதும் ஆபத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. காற்றுக்காகப் போடும் தடை வேறு, அதில் நாட்டுப்படகும் சேர்ந்திருக்கலாம். எனவே செய்தி இப்படி இருந்தால் போதும்:

"புதன்கிழமை, 14ஆம் தேதி, வடகடலில் விசைப்படகுகளுக்கு டோக்கன் இல்லை. பலத்த காற்று. மறு அறிவிப்பு வரும்வரை. மீன்துறை அலுவலகப் பலகையில் காலை 9 மணிக்கு நானே பார்த்தேன்."

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தகவல் கேள்விப்பட்டதா, பார்த்ததா என்று படிக்கிறவர் தெரிந்துகொள்வது அந்த வரியில்தான்.

"புயல் கூண்டு ஏத்தியாச்சு" என்று போட்டால் போதாதா?

போதாது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு 1 முதல் 11 வரை எண் கொண்டது. 1 என்றால் தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று அர்த்தம். 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். 8, 9, 10 வந்தால் பெரும் அபாயம். 11 என்பது எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான கூண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு, தொடர்பு அறுவது என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

எண் இல்லாமல் "கூண்டு ஏத்தியாச்சு" என்று போட்டால் பாதிப் பேர் அலறுவார்கள், மீதிப் பேர் "வழக்கமா ஏத்துறதுதானே" என்று தள்ளிவிடுவார்கள். எண்ணை எழுதுங்கள், ஏற்றிய நேரத்தையும் எழுதுங்கள்.

எனக்கு டைப் பண்ண வராது. வாய்ஸ் போடலாமா?

தாராளமாக. எங்கள் குழுவில் பாதிப் பேர் வாய்ஸ்தான். ஆனால் முதல் பத்து நொடிக்குள் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். "எல்லாருக்கும் வணக்கம், நான் இன்னார் பேசுறேன், எல்லாரும் நல்லா இருக்கீங்களா, நம்ம ஊர்ல பாத்தீங்கன்னா" என்று இரண்டு நிமிடம் போய், கடைசியில் "ராத்திரி கரண்டு வராதாம்" என்று முடிகிற வாய்ஸை எத்தனையோ கேட்டிருக்கிறேன்.

படகில் இருக்கிறவரையும் நினைத்துப் பாருங்கள். கரையை விட்டுத் தள்ளிப் போனால் டவர் கிடையாது. திரும்பி வரும்போது கரை நெருங்க நெருங்க இருநூறு மெசேஜ் ஒன்றாக வந்து விழும். ஈரக் கையோடு, இன்ஜின் சத்தத்தில் நின்றுகொண்டு அவர் எதைக் கேட்பார்? வாய்ஸ் போட்டபிறகு ஒரே வரியில் விஷயத்தை எழுதியும் போட்டுவிடுங்கள். எழுத வராவிட்டால் வீட்டுப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கலாமா?

சொந்தப் பேச்சுக்கு எப்படி வேண்டுமானாலும் அடியுங்கள். அறிவிப்புக்கு வேண்டாம். ஆங்கில எழுத்தில் வலை, வளை, வாலை எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். கரையும் கறையும் ஒன்று. எங்கள் ஊர் அம்மாக்கள் பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், ஆங்கில எழுத்து வராது. அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு ஊர்க் குழு என்று பெயர் வைப்பது சரியில்லை. போனில் தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதி இருக்கிறது, மைக் படத்தை அழுத்திப் பேசினால் போதும். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள், ஊர்ப் பெயர்களை அது அடிக்கடி மாற்றிவிடும்.

பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா என்றும் கேட்கிறார்கள். பேசுவது போல எழுதுங்கள். புரிவதுதான் முக்கியம்.

எனக்குக் கோபமே இல்லை. சாதாரணமாகத்தான் எழுதினேன். ஏன் சண்டையாகிவிட்டது?

எனக்கே நடந்தது. ஒரு அண்ணன் படகுக்கு ஐஸ் ஏற்றிய பணம் எங்கள் கணக்குக்கு வரவேண்டியிருந்தது. வேலை அவசரத்தில் குழுவிலேயே, "ஐஸ் பணம் இன்னும் வரலை" என்று எழுதிவிட்டேன். பணம் வந்து சேரவில்லை என்ற தகவலைத்தான் சொன்னேன், வேறு நினைப்பே இல்லை. அவரோ தம்பி கையில் அன்றைக்குக் காலையிலேயே கொடுத்தனுப்பியிருந்தார். நூற்றைம்பது பேர் பார்க்கிற இடத்தில் தன்னை ஏமாற்றுக்காரர் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் டீக்கடையில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேரில் என்றால் நான் எப்படிக் கேட்டிருப்பேன்? "அண்ணே, ஐஸ் பணம் இன்னும் வரலையேண்ணே." அந்த "ஏ" இருக்கிறதே, அது எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். "வரலை" என்றால் குற்றச்சாட்டு. "வரலையே" என்றால் விசாரிப்பு, உங்களிடம் ஏதாவது காரணம் இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்ற அர்த்தம் அதில் ஒளிந்திருக்கிறது. நம் பேச்சில் மரியாதையும் பிரியமும் இந்த மாதிரிக் கடைசி எழுத்துகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. போங்க, பாருப்பா, சரிதானே, வந்துட்டியாம்மா. கைவிரல் சோம்பலில் அதையெல்லாம் வெட்டிவிட்டு "போ", "பார்", "சரி" என்று அனுப்புகிறோம். படிக்கிறவர் அதை நம் குரலில் கேட்பதில்லை, அன்றைக்கு அவர் மனம் இருக்கிற நிலையின் குரலில் கேட்கிறார். பாடு இல்லாமல் திரும்பிய நாளில் எல்லாக் குரலும் கடுமையாகத்தான் கேட்கும்.

"ஏன் வரல?" என்று எழுதவேண்டிய இடத்தில் "என்னாச்சு, வரலையே?" என்று எழுதிப் பாருங்கள். நான்கு எழுத்து கூடுதல், அவ்வளவுதான். வெறும் "ம்" என்று பதில் போடுவதையும் விட்டுவிடுங்கள். நேரில் "ம்" என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். எழுத்தில் "உன் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை" என்றுதான் படுகிறது.

யாரை எப்படி அழைப்பது? குழுவில் எல்லாரும் வெறும் போன் நம்பராகத் தெரிகிறார்கள்.

முதலில் உங்கள் பெயரையும் இன்னார் வீடு என்பதையும் புரொஃபைலில் போடுங்கள். படத்துக்குப் பூவோ நடிகரோ வைத்திருந்தாலும் பெயராவது இருக்கட்டும். "நீ யாருடா" என்று தெரியாமல் கேட்டு, பார்த்தால் அது சித்தப்பாவாக இருந்த கதை எங்கள் ஊரில் உண்டு.

அப்புறம், நேரில் அழைக்கிற முறையிலேயே எழுதுங்கள். நேரில் "காக்கா" (அண்ணன்) என்று கூப்பிடுகிற கீழக்கரைப் பெரியவரைக் குழுவில் "ப்ரோ" என்று கூப்பிட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? மச்சான், மாமா, மதினி, லாத்தா, பெரியம்மா, சம்மாட்டி அண்ணே என்று ஒவ்வொருவருக்கும் நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. வாட்ஸ்அப்புக்குள் போனதும் அதைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை. வயது தெரியாவிட்டால் "நீங்க" என்றே எழுதுங்கள். சின்னப் பையனை "நீங்க" என்று எழுதியதற்காக இதுவரை யாரும் என்னிடம் சண்டைக்கு வரவில்லை.

இல்லாத ஒருவரைப் பற்றி எழுதும்போதும் "அவன்" வேண்டாம். அவர் குழுவில் இல்லாவிட்டாலும் அவர் மகன் இருப்பார், மருமகன் இருப்பார். ஸ்க்ரீன்ஷாட் போக அரை நிமிடம் கூட ஆகாது.

ஒருவர் தவறான தகவல் போட்டுவிட்டார். அங்கேயே திருத்தலாமா?

தகவலைக் குழுவில் திருத்துங்கள். ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். "தென்கடலில் தடை இல்லை, வடகடலில் மட்டும்தான், பலகையில் பார்த்தேன்" என்று அவர் மெசேஜுக்கே பதிலாகப் போட்டால் போதும். "தெரியாம ஏன் போடுறீங்க" என்ற வால் தேவையில்லை. திருத்தப்பட்டவர் பெரியவராக இருந்தால் ஒரு போன் போட்டு, "மாமா, நீங்களே மாத்திப் போட்டுருங்க" என்று சொல்லிவிடுங்கள். அவர் கையாலேயே திருத்தம் வந்துவிடும்.

"கடல் உள்வாங்குகிறது, சுனாமி வரப்போகிறது" என்று வீடியோ வந்தது. உடனே எல்லாருக்கும் அனுப்பலாமா?

கொஞ்சம் பொறுங்கள். நம் கரையில், முக்கியமாகப் பாக் நீரிணைப் பக்கம், கடல் ஆழம் குறைவு. காற்றும் வற்றமும் ஒன்றுசேர்ந்த நாளில் தண்ணீர் வெகுதூரம் இறங்கி, நாட்டுப்படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். பாசியும் சிப்பியும் வெளியே தெரியும். சில மணி நேரத்தில் தண்ணீர் திரும்பிவிடும். கடலோடு பழகிய பெரியவர்களுக்கு இது புதிதில்லை. வெளியூர்க்காரர் அதை வீடியோ எடுத்து, பின்னால் பயமுறுத்தும் பாட்டு போட்டு அனுப்பியதும் நம் ஊருக்கே அது பயமாகத் திரும்பி வருகிறது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்தப் பயம் யாருக்கும் பொய்யான பயம் இல்லை. அதனால்தான் அதை வைத்து விளையாடக் கூடாது என்கிறேன். சுனாமி எச்சரிக்கை கொடுக்க ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் 2007 முதல் இயங்குகிறது. இங்கே காற்றே இல்லாமல் திடீரென்று பேரலை எழும் கள்ளக்கடலுக்கான எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. அதைப் பாருங்கள், மீன்துறையிலோ தாலுகா அலுவலகத்திலோ கேளுங்கள், அப்புறம் போடுங்கள். ஆனால் நிலம் ஆடியதை நீங்களே உணர்ந்து, அதன் பிறகு கடல் இறங்கினால் குழுவும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். அக்கம்பக்கத்தில் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

மெசேஜுக்கு மேலே இரட்டை அம்புக்குறியும் "பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்டது" என்ற வரியும் இருந்தால் அது ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது என்று அர்த்தம். அந்த மாதிரிச் செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும்தான் அனுப்பவே முடியும், 2020-இல் வாட்ஸ்அப்பே அப்படி மாற்றிவிட்டது. வீடியோவில் இருக்கும் படகைக் கவனியுங்கள். நம் கரைப் படகின் அமைப்பும் வண்ணமும் நமக்குத் தெரியாதா? ஒருமுறை தனுஷ்கோடி என்று போட்டு வந்த வீடியோவில் பின்னால் மலை தெரிந்தது. எங்கள் குழுவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று தகவல் வந்தால் என்ன செய்வது?

இதுதான் எனக்கு மனதுக்கு மிகவும் நெருக்கமான கேள்வி.

முதல் விதி: வீட்டுக்குத் தெரியாமல் பெயரைக் குழுவில் போடாதீர்கள். படகு பிடிபட்ட அன்று அந்த ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாது என்று உங்களுக்கே தெரியும். கணவன் பெயரைக் குழுவில் பார்த்து ஒரு பெண் தெரிந்துகொள்ளக் கூடாது. யாராவது ஒருவர் நேரில் அந்த வீட்டுக்குப் போய், உட்கார்ந்து சொல்ல வேண்டும். போனவர் "சொல்லியாச்சு" என்று அட்மினுக்குச் சொன்ன பிறகுதான் பெயர் வெளியே வரலாம்.

இரண்டாவது, "படகு" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எங்கள் ஊரில் காற்று அடித்த ஒரு நாள், நான்கு படகு வரத் தாமதமாகிவிட்டது. குழுவில் ஒரு தம்பி "படகு வந்துருச்சு" என்று போட்டார். நான்கு வீட்டுப் பெண்களும் கரைக்கு ஓடினார்கள். வந்தது ஒரு படகு. மூன்று பேர் அந்த ஈர மணலில் நின்ற நிலையை நான் பார்த்தேன். மற்ற மூன்று படகும் இருட்டுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டன, ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தை அவர்களுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? அன்றையிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். படகு உரிமையாளர் பெயர், பதிவு எண்ணின் கடைசி இலக்கங்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று மூன்றையும் எழுத வேண்டும். "இன்னார் படகு, கடைசி எண் 46, ஆறு பேரும் இறங்கிட்டாங்க." ஆறு பேரும் என்ற சொல்லுக்காகத்தான் அங்கே ஆறு வீடு காத்திருக்கிறது.

மூன்றாவது, அந்த நேரத்தில் கருத்துச் சொல்லாதீர்கள். "எல்லை தாண்டிப் போனா அப்படித்தான்" என்று ஒருவர், "அரசு என்ன செய்யுது" என்று இன்னொருவர், நடுவில் யாரோ ஒருவர் பழைய வீடியோ. அழுதுகொண்டிருக்கும் வீட்டாரும் அதே குழுவில் இருக்கிறார்கள். அரசியல் பேச நாள் இருக்கிறது. அன்றைக்கு அட்மின் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றிவைப்பது நல்லது, நான் அப்படித்தான் செய்கிறேன்.

கடலில் ஆபத்து என்றால் குழுவில் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. முதலில் அந்த அழைப்பு, அப்புறம் குழு.

இறப்புச் செய்திக்குக் கட்டைவிரல் போடலாமா?

வேண்டாம். "பார்த்துவிட்டேன்" என்று சொல்லத்தான் பலர் போடுகிறார்கள், ஆனால் பார்க்க மிகவும் உறுத்துகிறது. கைகூப்பும் படம் பரவாயில்லை. "அடக்கம் எத்தனை மணிக்கு?" என்று கேட்பது அதைவிட நல்லது, வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். நூறு பேர் "RIP" என்று ஒரே மூன்று எழுத்தைப் போட்டால் அடக்க நேரம் போட்ட மெசேஜ் மேலே போய் மறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

சவூதி, கத்தார், குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். துபாய் ஒன்றரை மணி நேரம். அங்கே வேலை முடித்து ராத்திரி பத்து மணிக்கு ஓய்வாகக் குழுவைத் திறக்கிறீர்கள். இங்கே பன்னிரண்டரை ஆகியிருக்கும், மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவசரம் இல்லாததைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் பிரியத்தோடு சொல்கிறேன். ஊரின் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை எங்களுக்குத் தெரியும். பள்ளிவாசல் சுவருக்கும் கோயில் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் உங்கள் பணம் வந்திருக்கிறது. அதே சமயம், கரையில் நடந்த ஒன்றைப் பற்றி அங்கிருந்து தீர்ப்புச் சொல்வதற்கு முன் இங்கே ஒருவரிடம் போனில் கேட்டுவிடுங்கள். குழுவில் வருவது பாதிக் கதைதான்.

பெண்கள் ஏன் குழுவில் பேசுவதில்லை?

பேசிய மறுநாள் தெரியாத ஆணிடமிருந்து "ஹாய், சாப்டீங்களா" என்று தனி மெசேஜ் வருவதால். ஒளிக்காமல் சொல்கிறேன், இதுதான் காரணம். குழுவில் இருக்கும் எண்ணை எடுத்துத் தனியாக மெசேஜ் போடுவது, ஊர்க் கூட்டத்துக்கு வந்த பெண்ணின் பின்னாலேயே வீடு வரை போவதற்குச் சமம். வேலை இருந்தால் முதலில் குழுவிலேயே "உங்களைத் தனியாகக் கூப்பிடலாமா, பாசி விலை விஷயமா" என்று கேட்டுவிட்டு, அவர் சரி என்றால் கூப்பிடுங்கள்.

எங்கள் ஊரில் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் முதல்முறையாகக் குழுவில் எழுதியது, காய்ந்த பாசிக்கு எடை போடும்போது ஈரம் என்று சொல்லி வியாபாரி எவ்வளவு கழிக்கிறார் என்ற கணக்கை. ஒரு பையன் அதற்குச் சிரிப்புப் படம் போட்டான். அவர் அதன்பிறகு நான்கு மாதம் எழுதவே இல்லை. அந்தக் கணக்கு ஊரில் முப்பது வீட்டுக்குத் தேவைப்பட்ட கணக்கு. ஒரு சிரிப்புப் படத்தால் நாங்கள் இழந்தது அது. பிறகு அந்தப் பையனின் அம்மாவே அவனை அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பேசவைத்தார்.

விசைப்படகு, நாட்டுப்படகு என்று வந்தாலே சண்டைதான். எப்படி வாதாடுவது?

வாதாடத்தான் வேண்டும், வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்ட விஷயம். வலை அறுந்தவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் "விசைப்படகுக்காரங்க எல்லாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த நாள், எந்த இடத்தில், எந்தப் படகு, எத்தனை வலை போனது என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் சங்கத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும். "எல்லாம்" என்று எழுதினால் அதில் ஒரு தப்பும் செய்யாத உங்கள் மைத்துனரும் அடங்கிவிடுவார்.

விவரம் சொல்லும்போது சரிபார்த்துச் சொல்லுங்கள். கச்சத்தீவு பேச்சு வந்தால் 1974 ஒப்பந்தத்தையும் 1976 ஒப்பந்தத்தையும் கலந்து பேசாதவர் குறைவு. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது 1974-இல். மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுத்தது 1976-இல். இதை ஒருவர் அமைதியாக எழுதினால் பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும். எதிராளி சொன்னதில் சரியான பகுதி இருந்தால் அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். "நீங்க சொல்ற டீசல் செலவு உண்மைதான் அண்ணே" என்று ஆரம்பித்த வாதம் எங்கள் குழுவில் கைகலப்பு வரை போனதே இல்லை.

சாதி, மதம் பற்றிக் கிண்டல்?

இல்லை. ஒருமுறைகூட இல்லை. மூன்று மதத்தாரும் ஒரே கடலில் வலை போடும் கரை இது. எங்கள் குழுவில் முதல் தடவையிலேயே நீக்கிவிடுவோம், எச்சரிக்கை எல்லாம் மற்ற தவறுகளுக்குத்தான்.

நிவாரணப் பணத்துக்கு லிங்க் வந்திருக்கிறது. போடலாமா?

போடாதீர்கள், அழுத்தவும் செய்யாதீர்கள். தடைக்கால நிவாரணம் மீன்துறை வழியாக வங்கிக் கணக்குக்கு வருவது. ஓடிபி கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

யாரோ போட்ட தவறான மெசேஜுக்கு அட்மின் ஜெயிலுக்குப் போவாரா?

இந்தப் பயத்தில் அட்மின் பொறுப்பே வேண்டாம் என்றவர்கள் உண்டு. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் மேல் வந்த வழக்கில், அவர் அட்மின் வேலையை மட்டும்தான் செய்தார் என்றால் அவரைக் குற்றவாளியாகச் சேர்க்கக் கூடாது என்று சொன்னது. அட்மினும் சேர்ந்து செய்திருந்தால் அது வேறு. அதே சமயம், ஃபார்வேர்டு செய்கிறவர் "நான் எழுதலையே" என்று தப்பிக்க முடியாது. பகிர்ந்தால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம் என்று 2018-இல் ஒரு முகநூல் பகிர்வு வழக்கில் இதே உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சட்டம் இருக்கட்டும். தவறான மெசேஜைப் பார்த்ததும் அட்மின் அழிக்கலாம், அந்த வசதி இருக்கிறது. அழித்ததும் ஏன் அழித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள். சொல்லாமல் அழித்தால் அட்மின் ஒரு பக்கம் சாய்கிறார் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் கரை முழுக்கப் பரவிவிடும்.

கைதவறிப் போட்டுவிட்டேன். அழித்துவிட்டால் சரியாகிவிடுமா?

எழுத்துப் பிழை என்றால் 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். இரண்டு நாளுக்குள் என்றால் எல்லாருக்கும் அழிக்கலாம். ஆனால் நாற்பது பேர் பார்த்த பிறகு சத்தமில்லாமல் அழித்தால் "என்ன போட்டார், என்ன போட்டார்" என்று அதுவே பேச்சாகும். "தப்பான தகவல் போட்டுட்டேன், அழிச்சுட்டேன், சரியானது இதுதான்" என்று எழுதிவிடுங்கள்.

குழுவிலிருந்து விலகினால் ஊரைவிட்டு விலகியதாக நினைப்பார்களா?

இப்போது விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் வரும். கோபத்தில் விலக வேண்டாம், ஒரு வாரம் சத்தத்தை அணைத்துவைத்துப் பாருங்கள். அதன்பிறகும் வேண்டாம் என்றால் அட்மினிடம் சொல்லிவிட்டுப் போங்கள். புயல் தகவல் மட்டும் உங்களுக்குத் தனியாக வர ஏற்பாடு செய்து தருவது அட்மினின் கடமை.

குழுவில் திட்டிவிட்டேன். மன்னிப்பு எங்கே கேட்பது, குழுவிலா, நேரிலா?

இரண்டிலும். நூற்றைம்பது பேர் முன்னால் திட்டிவிட்டுத் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டால், மற்ற நூற்றைம்பது பேர் மனதில் அந்தத் திட்டு அப்படியே இருக்கும். குழுவில் ஒரே வரி போதும்: "நேத்து நான் எழுதினது தப்பு, மன்னிச்சிருங்கண்ணே." அதில் "ஆனாலும் நீங்களும்" என்று சேர்க்காதீர்கள். அப்புறம் நேரில் போங்கள். அந்த ஐஸ் பண விஷயத்தில் நான் குழுவில் எழுதிவிட்டு, மறுநாள் காலை ஐந்தரைக்கு அவர் படகு வரும் நேரம் பார்த்துக் கரையில் போய் நின்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மீன் கூடையின் ஒரு பக்கக் காதை என் பக்கம் நீட்டினார், இரண்டு பேரும் சேர்ந்து ஏலக்களம் வரை தூக்கிக்கொண்டு போனோம்.